ஏரியை மடிக்கணினியில் ஏற்றுவது

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே போனால் தாமல் வரும். தாமலில் நெசவும் உண்டு, பழைய கோயிலும் உண்டு, பெரிய ஏரியும் உண்டு. இந்த அத்தியாயத்துக்கு ஏரி மட்டும் போதும்.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது ஏரிக்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான். கலங்கலில் தண்ணீர் போகிறதா, மதகு திறந்தாயிற்றா, கரை தாங்குமா? 2015 நவம்பர், டிசம்பர் மழையில் சென்னை மூழ்கியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே மழையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிகள் உடைந்து வயலுக்குள் வெள்ளம் புகுந்ததை அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் பார்த்தார்கள். மணல் மூட்டையோடு கரைமேல் நிற்பவருக்குத் தேவைப்படுவது ஒரு கணக்கு. இந்த இடத்தில் உடைந்தால் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வரும், எவ்வளவு உயரத்தில் வரும், முதலில் எங்கே போகும்?

இந்தக் கேள்விக்குப் பேனாவும் காகிதமும் வைத்துச் சொல்லக்கூடிய பதில் ஒன்று 1892 முதலே இருக்கிறது. ரிட்டர் என்ற ஜெர்மானியர் போட்ட கணக்கு அது. தேங்கி நிற்கும் நீரின் முன்னால் இருக்கும் சுவர் ஒரே நொடியில் மாயமாக மறைந்துவிட்டால், வறண்ட சமதரையில் பாயும் நீரின் முன்முனை என்ன வேகத்தில் ஓடும்? நீரின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். கரையோரம் 3 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3ஐ 9.8ஆல் பெருக்கினால் 29.4. வர்க்கமூலம் 5.4. இரட்டித்தால் நொடிக்கு 10.8 மீட்டர், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர். வரப்பில் நடந்து போகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்துவிடும்.

ஆனால் மண்கரை மாயமாக மறைவதில்லை. முதலில் ஒரு ஓரத்தில் கசியும், அரிக்கும், பிறகு பிளவு அகலும். கரைக்குக் கீழே இருப்பதும் சமதரை அல்ல. வரப்பு, வாய்க்கால், நாற்று, கரும்பு, வீட்டுச்சுவர். ரிட்டரின் சூத்திரம் இதையெல்லாம் அறியாது. இந்த இடத்தில்தான் கணினியில் ஓடும் மாதிரி வேண்டியிருக்கிறது.

நீரைக் கணினியில் ஓடவிடப் பல வழிகள் உண்டு. தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு போகிறது என்று கணக்கு வைப்பது பழகிய வழி. இன்னொரு வழி, தண்ணீரையே துகள்களாக உடைத்துவிடுவது. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு நிறை, ஒரு வேகம், ஓர் அழுத்தம். ஒரு துகள் தன்னைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் அண்டைத் துகள்களை மட்டும் பார்க்கும். பக்கத்தில் இருப்பதற்கு அதிக மதிப்பு, தள்ளி இருப்பதற்குக் குறைந்த மதிப்பு கொடுத்துக் கூட்டி, அடுத்த கணம் எந்தப் பக்கம் நகர்வது என்று முடிவு செய்யும். 1977இல் லூசி என்பவர் ஒரு பக்கமும், கிங்கோல்டும் மோனகனும் இன்னொரு பக்கமும் தனித்தனியாக இந்த முறையைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஏரியை அல்ல, விண்மீன்களை. விண்வெளியின் வாயு மேகத்துக்குக் கரை கிடையாது. அதைக் கட்டத்துக்குள் அடைப்பது சிரமம். அலை எழும்பி, சிதறி, மீண்டும் விழும் தண்ணீருக்கும் அதே சிரமம்தான். விண்மீனுக்குச் செய்த முறை வெள்ளத்துக்கும் பொருந்தியது அப்படித்தான்.

இந்த முறையைப் பைதான் மொழியில் எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கட்டற்ற உரிமத்தில் கொடுத்த கருவி ஒன்று நம் நாட்டிலேயே உருவானது. பெயர் பைஎஸ்பிஎச். ஐஐடி பம்பாயின் விண்வெளிப் பொறியியல் துறையில் பிரபு ராமச்சந்திரனின் குழு வளர்த்த மென்பொருள். பிரபு இளங்கலையும் முனைவர் பட்டமும் படித்தது சென்னையில், ஐஐடி மெட்ராஸில். மாணவராக இருந்தபோதே 1998இல் சென்னை லினக்ஸ் பயனர் குழுவைத் தொடங்கியவர் அவர். தன் ஆய்வில் கிடைத்த எண்களை முப்பரிமாணப் படமாகப் பார்க்க வேண்டியிருந்தபோது அவர் எழுதிய மாயாவி என்ற கருவி இன்று பைதான் உலகில் பலருக்குத் தெரிந்த பெயர். பைஎஸ்பிஎச் பற்றிய விரிவான ஆய்வுக் கட்டுரை 2021இல் கணித மென்பொருளுக்கான ஏசிஎம் இதழில் வந்தது. அதைப் படித்தால் சமன்பாடுகளுக்கு நிகராக இன்னொரு கவலையும் தெரியும்: இந்தக் கருவியை வேறு ஒருவர் தன் கணினியில் எளிதாக எப்படி ஓட்டுவது?

அந்தக் கவலை ஏன் என்று புரிய, பைதான் எங்கே தடுமாறும் என்று பார்க்க வேண்டும்.

தாமல் ஏரி முழுவதையும் எடுக்க வேண்டாம். கரைக்குக் குறுக்கே கத்தியால் வெட்டியதுபோல 30 மீட்டர் நீளம், 3 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு தண்ணீர்த் துண்டை மட்டும் எடுப்போம். 5 சென்டிமீட்டருக்கு ஒரு துகள் வைத்தால் நீளவாக்கில் 600, உயரவாக்கில் 60. மொத்தம் 36,000 துகள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 21 அண்டைத் துகள்கள் அமையும். இந்த முறையில் தண்ணீரை மிகச் சிறிதளவு அமுங்கக்கூடியதாக வைத்துக்கொள்வார்கள். அதனால் கணக்குக்குள் ஒலியின் வேகமும் வந்து உட்கார்ந்துகொள்ளும், கால அடி, அதாவது ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகரும் நேரம், மிகமிகச் சிறியதாக இருக்க வேண்டிவரும். நாம் எடுத்த அளவுகளுக்கு ஒரு நொடி வெள்ளத்தைப் பார்க்க ஏறக்குறைய 6,600 அடிகள் எடுத்துவைக்க வேண்டும். மூன்றையும் பெருக்குங்கள்: 36,000, 21, 6,600. ஏறக்குறைய 500 கோடி. இத்தனை முறை ஒரு துகள் இன்னொரு துகளைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும், ஒரே ஒரு நொடி வெள்ளத்துக்கு.

பைதான் எழுத எளிது, படிக்க எளிது. ஆனால் இப்படிக் கோடிக்கணக்கில் சுழலும் கணக்கில் மெதுவாக நகரும். அதில் பல மணி நேரம் எடுக்கும் வேலையை சி++ மொழி சில நிமிடங்களில் முடித்துவிடும். அப்படியானால் சி++இலேயே எழுதலாமே? எழுதலாம், ஆனால் இயற்பியல் படித்த மாணவி ஒருத்தி, கரைமண்ணின் உராய்வுக்காக ஒரு சமன்பாட்டை மாற்றிப் பார்க்க விரும்பினால், சி++க்குள் இறங்கி அவள் திரும்பி வருவதற்குள் பருவமழையே முடிந்துவிடும்.

பைஎஸ்பிஎச் எடுத்த வழி கெட்டிக்காரத்தனமானது. பயனர் சமன்பாட்டைப் பைதானிலேயே எழுதுவார். கருவி அதைப் படித்து, தானே வேகமான நிரலாக மாற்றி எழுதி, பயனரின் கணினியிலேயே கம்பைல் செய்து (அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி), பிறகு ஓட்டும். முதல் முறை ஓட்டும்போது கொஞ்சம் தாமதம் தெரியும். திரையில் எதுவும் நகராது, விசிறி மட்டும் சத்தம் போடும். கம்பைல் ஆனதைப் பயனரின் ஃபோல்டரில் ஓர் ஓரத்தில் எடுத்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை சமன்பாடு மாறாவிட்டால் அந்தத் தாமதம் கிடையாது. எழுதுவதற்குப் பைதானின் எளிமை, ஓடுவதற்கு சி++இன் வேகம்.

இதற்கு ஒரு விலை உண்டு. பயனரின் கணினியில் அப்படி மாற்றும் கம்பைலர் இருந்தாக வேண்டும். நிறுவும் தொல்லை முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தாமலிலிருந்து தினமும் காஞ்சிபுரத்துக்குக் கல்லூரிக்குப் போகும் மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். பைதான் அவளுக்குப் புதிதல்ல. 2019இல் வந்த பாடத்திட்டத்திலிருந்து தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகமே பைதானைத்தான் கற்றுக்கொடுக்கிறது. அவளிடம் ஒரு விண்டோஸ் மடிக்கணினி இருக்கிறது. கறுப்புத் திரையைத் திறந்து 'பிப் இன்ஸ்டால் பைஎஸ்பிஎச்' என்று தட்டுகிறாள். வரிகள் ஓடுகின்றன. அப்புறம் சிவப்பு எழுத்தில் நாற்பது ஐம்பது வரி கொட்டுகிறது. அதன் அடியில் எங்கோ, மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்குப் பிந்தையது தேவை என்று ஒரு வாசகம். அவள் கேட்டது பைதான் கருவி. கணினி ஏன் சி++ கேட்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த சி++ கருவிகளை இறக்கவோ பல ஜிபி வேண்டும்; தினசரி டேட்டா வரம்புள்ள கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் அது ஒரு நாளில் முடியாது. பெரும்பாலோர் இந்த இடத்தில் மடிக்கணினியை மூடிவிடுவார்கள். பாதிப் பேருக்குமேல், 'எனக்கு இது வராது' என்றும் நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவதுதான் பெரிய நட்டம்.

இந்த அனுபவம் பைஎஸ்பிஎச்சுக்கு மட்டும் உரியதல்ல. அறிவியலுக்கான பைதான் உலகம் முழுவதும் இருபது ஆண்டுகளாக இதனோடுதான் மல்லுக்கட்டியது. 2000இல் வந்த பைதான் பதிப்போடு மென்பொருளைப் பொட்டலம் கட்டும் கருவி ஒன்றும் வந்தது. 2003இல் பொதுக் கிடங்காகப் பைபிஐ வந்தது. 2008இல், கிடங்கிலிருந்து இறக்கி நிறுவும் பிப் வந்தது. ஆனாலும் கிடங்கில் கிடைத்தது பெரும்பாலும் மூலநிரல். ஊறவைத்த அரிசியும் உளுந்தும் கொடுத்து, கிரைண்டர் உங்கள் வீட்டில் இருக்கும் என்று நம்புவது மாதிரி. 2013இல் ஏற்கப்பட்ட 'வீல்' என்ற வடிவம்தான் அரைத்த மாவைப் பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தது: ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் முன்பே கம்பைல் செய்த கோப்பு, இறக்கினால் போதும். லினக்ஸில் ஆயிரம் வகை இருப்பதால் எல்லாவற்றிலும் ஓடும் ஒரே பாக்கெட்டை எப்படிக் கட்டுவது என்பதற்கு 2016 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதற்கும் பழைய சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து, எவ்வளவு பழைய கணினியிலும் ஓடட்டும் என்று கட்டினார்கள்.

சைபை என்ற நூலகத்தின் கதை இன்னும் விசேஷம். அறிவியல் கணக்குகளுக்கான பைதானின் அடித்தளங்களில் ஒன்று அது. 2001இல் தொடங்கியது. 1.0 என்ற எண்ணைப் போட்டுக்கொள்ள 2017 அக்டோபர் ஆகிவிட்டது. அந்தப் பதிப்பில்தான் விண்டோஸுக்கான அதிகாரபூர்வ வீல் முதன்முதலாக வந்தது. நடுவில் கடந்த பதினாறு ஆண்டுகளில் விண்டோஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? பல பேர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருந்த கிறிஸ்டோஃப் கோல்கே என்ற ஒரே மனிதரின் இணையப் பக்கத்துக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கான நூலகங்களை அவர் தனியாக விண்டோஸுக்குக் கம்பைல் செய்து பட்டியல் போட்டு வைத்திருந்தார். உலகெங்கும் எத்தனையோ ஆய்வு அந்த ஒற்றைப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 2022இல் அந்தச் சேவை நின்றது. அதற்குள் அந்தந்தத் திட்டங்களே வீல் கொடுக்கக் கற்றுக்கொண்டிருந்தன. நோபல் பரிசுப் பட்டியலில் இந்த வேலைக்கு இடம் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளின் நன்றி வரியில்கூட அபூர்வமாகத்தான் இருக்கும்.

இதற்கிடையே, 2012இல் கோண்டா என்ற நிறுவல் கருவி வந்தது. பிப் செய்யாத ஒன்றை அது செய்தது: பைதான் நூலகத்தோடு, அதற்கு அடியில் இருக்கும் சி, ஃபோர்ட்ரான் நூலகங்களையும் கம்பைலரையும்கூட ஒரே கட்டளையில் கொண்டுவந்து இறக்கியது. அறிவியல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஒரு கருவியை வீலில் போட்டுக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா என்றால், பைஎஸ்பிஎச் போன்ற கருவிக்குத் தீராது. கருவியின் உடலை முன்கூட்டியே கம்பைல் செய்து அனுப்பிவிடலாம். ஆனால் பயனர் நாளைக்கு எழுதப்போகும் சமன்பாட்டை யாராலும் முன்கூட்டிக் கம்பைல் செய்ய முடியாது. கம்பைலர் பயனரிடம் இருந்தே ஆக வேண்டும். இந்தக் கருவியின் வலிமை எதுவோ அதுதான் அதன் நிறுவல் சிரமமும். இதை மறைக்க முடியாது. ஆனால் பயனர் இடறாமல் போகப் பாதை போட முடியும். அதைத்தான் அந்தக் குழு செய்தது.

என்ன செய்தார்கள்? முதலாவதாக, கட்டாயம் எது, விருப்பம் எது என்று பிரித்தார்கள். பல கணினிகளில் பங்கிட்டு ஓட்டுவதற்கான நூலகங்கள், கிராஃபிக்ஸ் அட்டையில் ஓட்டுவதற்கான நூலகங்கள், படம் பார்க்க மாயாவி, இவை எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கருவி ஓடும். மாயாவியைச் செய்தவரே இதையும் செய்கிறார் என்பதால் மாயாவியைக் கட்டாயமாக்கியிருக்கலாம், ஆக்கவில்லை. மாயாவி நிறுவுவதே தனிப் பாடு என்பது அவருக்குத் தெரியாதா என்ன! உள்ளே இருந்த பொதுவான பகுதிகளைத் தனித்தனி நூலகங்களாகப் பிரித்து வெளியேயும் எடுத்தார்கள். அதனால் அவை வேறு வேலைகளுக்கும் பயன்படுகின்றன.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. நிறுவி முடித்ததும் 'பைஎஸ்பிஎச் ரன்' என்று தட்டினால் உள்ளே இருக்கும் எடுத்துக்காட்டுகளின் பட்டியல் வரும். அவற்றில் அணை உடைப்பும் ஒன்று, இரு பரிமாணத்திலும் முப்பரிமாணத்திலும். பெயரைச் சேர்த்துத் தட்டினால் ஓடத் தொடங்கும். 'பைஎஸ்பிஎச் வியூ' என்றால் படம். 'பைஎஸ்பிஎச் டெஸ்ட்' என்றால் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் முதல் பத்து நிமிடத்தில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிடலாம். நிறுவல் கையேடு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக, எந்தக் கம்பைலரை எப்படி எடுப்பது என்று சொல்கிறது. எளிமை என்பது ஒரு பொத்தான் மட்டுமல்ல. முதல் வெற்றி எவ்வளவு சீக்கிரம் கைக்குக் கிடைக்கிறது என்பதும்தான்.

அந்த முதல் வெற்றி எப்படி இருக்கும் தெரியுமா? திரையின் இடது ஓரத்தில் நீலத் துகள்கள் செங்கல் அடுக்கியதுபோல் நிற்கும். ஓட்டினதும் அடுக்கின் அடிமுனை முதலில் பிதுங்கும், மேல்பகுதி சரியும், அடியில் ஒரு மெல்லிய நாக்கு தரையோடு தரையாக நீளும். எதிர்ச்சுவரில் மோதியதும் அந்த நாக்கு செங்குத்தாக எழும்பி, உச்சியில் வேகம் இழந்து, திரும்பித் தன்மேலேயே கவிழும். வேகத்தின்படி நிறம் கொடுத்திருந்தால் முன்முனை மட்டும் சிவந்திருக்கும். ரிட்டர் 1892இல் சொன்ன முன்முனைதான் அது. ஒரு சூத்திரம் கண்முன் ஓடுவதைப் பார்த்த மாணவருக்கு அடுத்த கேள்வி தானாகவே வரும்: சுவருக்குப் பதில் ஒரு வரப்பு வைத்தால்?

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எடுத்துக்காட்டை ஓட்டிவிட்டுத் தாமல் ஏரி உடைந்தால் இதுதான் நடக்கும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. இரு பரிமாணத்தில் துகள் இடைவெளியைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்கு. முப்பரிமாணத்தில் பதினாறு மடங்கு. முழு ஏரியையும் ஐந்து சென்டிமீட்டர் துகளாக உடைக்க எந்த மடிக்கணினியாலும் முடியாது. ஊரளவு வெள்ளத்துக்குக் கட்டமுறைக் கருவிகளே பொருத்தம். மதகுச் சுவரில் நீர் மோதும் விசை, கலங்கலுக்கு மேல் வழியும் நீரின் உருவம், பிளவின் வாய் அருகே நடப்பது, இப்படிக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டியவற்றுக்குத்தான் துகள்முறை. கருவி எளிதாக ஓடுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஓடிவிட்டது என்பதாலேயே விடை சரி என்று தோன்றிவிடும். ஆனாலும் கடினமாக நிறுவியவர்களின் விடை மட்டும் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது? எளிதாக ஓடும் கருவியைப் பத்துப் பேர் ஓட்டுவார்கள், பதினோராவது ஆள் தப்பைக் கண்டுபிடிப்பார்.

என் கட்சி இதுதான். ஒரு மாதிரியை இன்னொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியாவிட்டால், அந்த மாதிரி சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை. சரிபார்க்க வழியில்லாததை அறிவியல் என்று எப்படிச் சொல்வது? ஆகவே நிறுவல் என்பது ஆய்வு முடிந்தபின் யாரோ செய்யும் எடுபிடி வேலை அல்ல. ஆய்வின் ஒரு பகுதி. பிரபு ராமச்சந்திரன் இதை இன்னும் ஓர் அடி எடுத்துச்சென்றார். 2018இல் அவர் ஆட்டோமேன் என்ற சிறு கருவியைப் பற்றி எழுதினார். ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டிய எல்லா ஓட்டங்களையும் வரைபடங்களையும் ஒரே கட்டளையில் மறுபடி உருவாக்கித் தருவது அதன் வேலை. அவர் குழுவின் கட்டுரைகளோடு அந்த நிரலையும் பொதுவில் வைக்கிறார்கள். சந்தேகப்படுகிறவர் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூரிலும் இதுபோல ஒரு கதை உண்டு. என்சிபிஎஸ் நிறுவனத்தில் உபிந்தர் பல்லாவின் ஆய்வகத்திலிருந்து வரும் மூஸ் என்ற கருவி, மூளையின் நரம்பணுக்களையும் அவற்றுக்குள் நடக்கும் வேதிவினைகளையும் மாதிரியாக்குவது. உள்ளே சி++, வெளியே பைதான். அடியில் ஜிஎஸ்எல் போன்ற கணித நூலகங்கள் வேண்டும். இப்போது 'பிப் இன்ஸ்டால் பைமூஸ்' என்று ஒரே வரியில் நிறுவலாம். பதிப்புகளுக்கு இனிப்புகளின் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம், 4.1 பதிப்பின் பெயர் ஜாங்கிரி.

நம் மாணவிக்குத் திரும்புவோம். அவளுக்கு மூன்று வழி உண்டு. விண்டோஸில் பொறுமையாக விஷுவல் சி++ கருவிகளை நிறுவுவது முதல் வழி. இரண்டாவது வழி உலாவி. கூகுள் கோலாப் போன்ற சேவையில் பின்னால் ஓடுவது லினக்ஸ் கணினி. கம்பைலர் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் உள்ள ஒரு கட்டத்துக்குள் நிறுவல் வரியைத் தட்டினால் அங்கேயே இறங்கி அங்கேயே ஓடும், அவள் டேட்டா அதிகம் செலவாகாது. இணையம் இருக்கும்வரை நல்லது. அடைமழையில் டவர் போகும் ஊரில் அதுதான் சிக்கல். பைதானையே உலாவிக்குள் ஓட்டும் பயோடைட் போன்ற முயற்சிகளும் உண்டு, ஆனால் உலாவிக்குள் சி++ கம்பைலர் இல்லாததால் நம் கருவிக்கு அது இப்போதைக்கு உதவாது.

மூன்றாவது வழி லினக்ஸ். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. நான் பார்த்தவரை பெரும்பாலோர் விண்டோஸ் பக்கத்தை மட்டும் திறந்தார்கள். கம்பைலர் கருவிகளை ஒரே வரியில் நிறுவிக்கொள்ளும் பக்கம் திறக்கப்படாமலே கிடந்தது. லினக்ஸிலும் இப்போது ஒரு புதுத் தடுக்கல் உண்டு: அண்மைக்கால டெபியன், உபுண்டு பதிப்புகளில் நேரடியாகப் பிப் தட்டினால், இந்தச் சூழலை இயங்குதளம் நிர்வகிக்கிறது, நீ தொடாதே என்று மறுத்துவிடும். பயப்பட வேண்டாம். 'வென்வ்' என்ற கட்டளையால் தனக்கென்று ஒரு தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவ வேண்டும். எந்த இயங்குதளமானாலும் இது நல்ல பழக்கம். ஒரு கருவிக்காகப் போட்ட பதிப்பு இன்னொரு கருவியைக் கெடுக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழெழுத்தோ இருந்தால் தடுமாறும் கம்பைலர் கருவிகள் இன்றும் உண்டு. தமிழில் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். இந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வேண்டாம்.

நிறுவிவிட்டால் என்றென்றைக்கும் ஓடுமா? அதுவும் இல்லை. 2020 தொடக்கத்தோடு பைதான் 2க்கு ஆதரவு நின்றது. மாற்றி எழுதாத கருவிகள் அன்றோடு மூப்படைந்தன. 2000இல் வந்த அந்தப் பொட்டலம் கட்டும் கருவியை 2023இல் வந்த பைதான் 3.12 அடியோடு எடுத்துவிட்டது. 2024இல் நம்பை என்ற எண்கணக்கு நூலகத்தின் 2.0 பதிப்பு வந்தபோது பழைய நம்பைக்காகக் கம்பைல் செய்தவற்றை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. சமன்பாடு 1977இலிருந்து மாறவில்லை. அதை ஓட்டும் தரை ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைப் பராமரிப்பவர்களின் நேரத்தில் பெரும்பங்கு இதற்கே போகிறது. புதிய கருவி எழுத நிதி கொடுக்க ஆள் உண்டு. பழைய கருவியை ஓடவைக்க நிதி கொடுக்கத்தான் ஆள் இல்லை. இது தவறான கணக்கு என்று ஆய்வு நிதி வழங்குகிறவர்கள் என்றைக்கு உணர்வார்களோ தெரியவில்லை.

தாமல்காரர்களுக்கும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கும் உதவி பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சி லக் என்ற காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் இணையவழியாகக் கூடுகிறது. பேச்சு பெரும்பாலும் தமிழில். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த த. சீனிவாசன் போன்றவர்களின் முயற்சியால் 2012இல் தொடங்கிய கணியம் இதழ், லினக்ஸும் பைதானும் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிட்டு வருகிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ்க் குரலில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவியைச் செய்தவர் போட்ட பாதை ஓர் இடத்தில் முடியும். அங்கிருந்து பயனரின் வீட்டு வாசல்வரை போடுவது இவர்கள்தான்.

நீங்கள் இந்த வாரம் ஒரு மாலையில் உட்கார்ந்து அந்த அணை உடைப்பை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் நல்லது; நீர் ஆழத்தை உங்கள் ஊர் ஏரியின் ஆழத்துக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். ஓடாவிட்டால், 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எந்த இயங்குதளம், பைதானின் எந்தப் பதிப்பு, என்ன தட்டினீர்கள், திரையில் வந்த பிழைச்செய்தியின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை என்ன, இந்த நான்கையும் சேர்த்துக் கருவியின் கிட்ஹப் பக்கத்தில் இடுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் காஞ்சி லக்கின் ஞாயிறு கூட்டத்தில் தமிழிலேயே கேளுங்கள்.